டிரம்ஸ் இல்லாத பாட்டுக்கு டிரம்ஸ்

கரோக்கே என்றால் இன்று ஆறாம் வகுப்பு மாணவிக்கும் தெரியும். பாடகரின் குரலை நீக்கிவிட்டு, மற்ற வாத்தியங்களை மட்டும் வைத்திருக்கும் இசை அது. பெற்றோர் தின விழாவில் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மேடையில் நம் பிள்ளைகள் அழகாகப் பாடுகிறார்கள். பாடகர் குழுக்களில் 'மைனஸ் டிராக்' என்றும் சொல்கிறார்கள். அதே முறையில் குரலை இருக்கவிட்டு, டிரம்ஸை மட்டும் நீக்கிவிட்டால்? கேட்பவருக்கு அது பல் விழுந்த வாய்போல இருக்கும். டிரம்ஸ் கற்கும் மாணவிக்கோ அதைவிட நல்ல துணை வேறில்லை. அதைவிடக் கண்டிப்பான ஆசிரியையும் வேறில்லை.

நம் பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்ஸ் கற்கும் மாணவியர், வீட்டில் எப்படிப் பழகுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன். எந்த வகை இசைக்கும் இம்முறை பயன்படும். ஆயினும் இங்கே 'ஃபங்க்' என்னும் அமெரிக்க இசையை எடுத்துக்கொள்கிறேன். டிரம்ஸ் போன இடம் அந்த இசையில் தெரிவதுபோல வேறெதிலும் அவ்வளவு துலக்கமாகத் தெரிவதில்லை.

ஃபங்க் என்றால் என்ன? அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரௌன் 1965-இல் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' என்ற பாடலையும், 1967-இல் 'கோல்ட் ஸ்வெட்' என்ற பாடலையும் வெளியிட்டார். இவற்றில் இனிய மெட்டைத் தேடிப் போகிறவர் ஏமாந்து போவார். பாட்டு ஒரே இடத்தில் நின்றுகொண்டு நிமிடக்கணக்கில் சுழலும். மெட்டுக்குப் பதிலாக அங்கே இருப்பது தாளம். கித்தார் தாளம் போடுகிறது. பேஸ் கித்தார் தாளம் போடுகிறது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் சட்டென்று ஒலித்துச் சட்டென்று நிற்கின்றன. பாடகரும் சொற்களைத் தாளமாகவே எறிகிறார். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் நுழைகிறார். சிக்குக் கோலத்தில் இழைகள் புள்ளியைத் தொடாமல் வளைந்து போவதுபோல, ஒன்றையொன்று முட்டாமல் எல்லாம் பின்னிக்கொண்டு ஓடுகின்றன.

நம் சங்கீதத்தில் தாளத்தின் முதல் அடியைச் 'சமம்' என்கிறோம். ஜேம்ஸ் பிரௌன் தம் குழுவினரிடம் ஓயாமல் கேட்டதும் இதைத்தான். அவர் அதற்கு வைத்த பெயர் வெறும் 'ஒன்று'. 1970-இல் பூட்சி காலின்ஸ் என்ற 18 வயது இளைஞர் பேஸ் கித்தார் வாசிக்க அவரிடம் வந்து சேர்ந்தார். கைநிறையத் திறமை, ஆகவே சுரங்களை வாரி இறைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் 'ஒன்று' என்ற இடத்தை எனக்குத் தந்துவிடு, நடுவில் உன் விருப்பப்படி வாசித்துக்கொள் என்று பிரௌன் அவருக்குப் பாடம் சொன்னார். டிரம்ஸ் வாசிப்பவருக்கும் அதுவே முதற்பாடம்.

இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை அடிமைக் கப்பல்கள் வரை போகும். 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசறைந்துகொண்டு சென்றார்கள். மறு ஆண்டே, 1740-இல், அங்கே அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. முரசைப் பறித்தால் தாளம் போய்விடுமா? கைதட்டலிலும் காலடியிலும் அது உயிரோடிருந்தது. லூயிசியானாவில் நிலைமை சற்று வேறு. அங்கிருந்த கத்தோலிக்க பிரெஞ்சு ஆட்சியின் 1724-ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளை வேலை வாங்கக் கூடாதென்றது. (அதே சட்டம்தான் அவர்களை அடிமைகளாகவும் வைத்திருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது.) அந்த ஞாயிற்று ஓய்வில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில் அவர்கள் கூடி முரசு கொட்டி ஆடினார்கள். அந்நகரத் தெரு ஊர்வலங்களின் தாளமும், கறுப்பின மக்களின் ஆலயங்களில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் விழும் கைதட்டலும் பின்னாளில் ஃபங்க் இசைக்குள் வந்து சேர்ந்தன. 'தி மீட்டர்ஸ்' என்ற நியூ ஆர்லியன்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' பாடலில் ஸிகபூ மொடலிஸ்ட் வாசிக்கும் டிரம்ஸைக் கேட்டால் அந்த ஊர்வலம் இன்றும் காதில் நடந்து போகும்.

இத்துறையில் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பெயர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1943-இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்தவர். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர். சுற்றியிருந்த தொழிற்சாலை இயந்திரங்களின் ஓசையும் இரயில் ஓசையும் சிறு வயதில் அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தன. 1965-இல் பிரௌன் குழுவில் சேர்ந்தார். 1969 நவம்பரில் சின்சினாட்டி நகரில் 'ஃபங்கி டிரம்மர்' என்ற பாடல் பதிவானது. அதன் நடுவில் பிரௌன் மற்ற வாத்தியக்காரர்களை ஒதுங்கச் சொல்கிறார். டிரம்ஸ்காரரிடமோ, தனி ஆவர்த்தனம் வேண்டாம், இப்போது வாசிப்பதையே வாசித்துக்கொண்டிரு என்கிறார். எல்லாரும் விலகிக்கொள்ள, ஸ்டபிள்ஃபீல்ட் எட்டுச் சுற்று தனியே வாசிக்கிறார். உருட்டல் இல்லை, வேடிக்கை இல்லை. அதுவரை வாசித்த அதே அடிகள், அதே வேகம்.

பிற்காலத்தில் இசையமைப்பவர்கள் அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒட்டிக்கொண்டார்கள். பாடலை இயற்றியவராகப் பதிவானது பிரௌன் பெயர் மட்டுமே. ஆகவே வாசித்த கைகளுக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. சிறுநீரக நோயோடு பல ஆண்டுகள் போராடி, ஸ்டபிள்ஃபீல்ட் 2017-இல் மாடிசன் நகரில் காலமானார். உலகம் அவருடைய டிரம்ஸை வைத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டது. நாம் செய்யப்போவது அதற்கு நேர்மாறு. பாட்டை வைத்துக்கொண்டு டிரம்ஸை நீக்குகிறோம். அந்த வெற்று நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவர் செய்த வேலை எவ்வளவு என்று புரிகிறது.

எனக்கு அது தாமதமாகவே புரிந்தது. நான் கற்ற நாளில், கேசட்டைப் போட்டுப் பாட்டோடு சேர்ந்து வாசிப்பதுதான் பயிற்சி. கேசட்டில் இருக்கும் டிரம்ஸ்காரர் நன்றாக வாசிப்பார். அவர் நிழலில் நானும் நன்றாக வாசிப்பதாக நினைத்துக்கொள்வேன். நான் பிந்தினால் அவர் இழுத்துக்கொண்டு போவார். முந்தினால் பிடித்து நிறுத்துவார். ஒரு பங்குத் திருவிழாவின் கூட்டுத் திருப்பலியில் முதன்முறையாகப் பாடகர் குழுவுக்கு வாசிக்க உட்கார்ந்தேன். நிழல் தர அங்கே யாருமில்லை. வானவர் கீதம் தொடங்கியபோது சரியாகத்தான் இருந்தது. பாதி போவதற்குள் வேகம் ஏறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை, மகிழ்ச்சியாக வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் பாடிய மூத்த பெண்களுக்கு மூச்சு வாங்கியதும், சொற்களைப் பாதியில் விட்டுவிட்டு அவர்கள் ஓடி வந்ததும் பிறகுதான் தெரிந்தது. ஆர்மோனியம் வாசித்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. பூசை முடிந்ததும் அருகில் வந்து, "அடியெல்லாம் நல்லா இருக்கு பாப்பா, காலப்பிரமாணந்தான் நிக்கல" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடிகளைக் கற்பது ஒரு பாடம். நேரத்தைத் தாங்குவது வேறு பாடம். டிரம்ஸ் உள்ள பாட்டோடு எவ்வளவு நாள் வாசித்தாலும் இரண்டாவது பாடம் வராது. அதற்குத்தான் டிரம்ஸ் நீக்கிய டிராக்.

இது புதிய யோசனையன்று. 1950-இலேயே நியூயார்க்கில் 'மியூசிக் மைனஸ் ஒன்' என்ற நிறுவனம் தோன்றி, ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டுப் பதிவு செய்த இசைத்தட்டுகளை விற்றது. அந்த வாத்தியத்தைக் கற்பவர் வீட்டில் தட்டைச் சுழலவிட்டு, விடுபட்ட பகுதியைத் தாமே வாசிப்பார். இன்று கைப்பேசியில் தேடினால் இத்தகைய டிராக்குகள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பேஸ், கித்தார், கீபோர்டு வாசிப்பவர்கள் கூடி டிரம்ஸுக்கு இடம் விட்டுப் புதிதாகப் பதிவு செய்தது. மற்றொன்று, முழுப் பாடலிலிருந்து கணினி டிரம்ஸைப் பிரித்தெடுத்தது. 2019-இல் டீஸர் என்ற பிரெஞ்சு நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது முதல் இந்த இரண்டாம் வகை பெருகிவிட்டது. தொடக்க நிலை மாணவி முதல் வகையையே எடுப்பது நல்லது. பிரித்தெடுத்த டிராக்கில் சில இடங்களில் பழைய சிம்பலின் சாயல் மெல்ல ஒட்டிக்கொண்டிருக்கும். காது தானாக அதைப் பற்றிக்கொள்ளும்; பழைய நிழல் திரும்பவும் வந்துவிடும். 'டிக் டிக்' என்ற எண்ணிக்கை ஒலி கலந்த டிராக்குகளையும் சில நாள் ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம். பிறகு விட்டுவிட வேண்டும்.

வேகம் நிமிடத்துக்கு 80 எண்ணிக்கைக்கு மேற்படாத ஒரு டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒன்று போதும். பத்து டிராக்குகளைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாவுவது, பத்துப் பாடநூல் வாங்கி முதல் பக்கத்தை மட்டும் படிப்பதற்குச் சமம்.

முதல் நாள் குச்சியைத் தொடவே வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். முதலில் பேஸ் கித்தாரை மட்டும் கேட்க வேண்டும். அது எங்கே அழுத்தி விழுகிறதோ அங்கேதான் பெரும்பாலும் 'ஒன்று' இருக்கும். கண்டுபிடித்ததும் ஒவ்வொரு சமத்திலும் தொடையில் ஒரு தட்டு. நான்கு எண்ணிக்கை ஒரு சுற்று. மேனாட்டு இசையில் 'பார்' என்பார்கள். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை பாட்டு திரும்புகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு இருக்கும். பிறகு இரண்டிலும் நான்கிலும் கை தட்டிப் பாருங்கள். எளிது என்று தோன்றும். மூன்று நிமிடம் விடாமல் தட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து வாயால் தாளம். இதில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஃபங்க் தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கையும் நான்காகப் பிளவுபடும். மேனாட்டு மாணவர்கள் அதை எண்ணிப் பழகச் சிரமப்படுவார்கள். நமக்குத் 'தகதிமி' இருக்கிறது. சதுச்ர நடை என்று பாட்டு வகுப்பில் படித்தது இதுவே. டிராக் ஓடும்போது, தகதிமி தகதிமி தகதிமி தகதிமி என்று ஒரு சுற்றுக்கு நான்கு முறை சொல்லுங்கள். நிமிடத்துக்கு 80 என்றால் ஓர் எழுத்துக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவான நேரமே கிடைக்கும். நாக்கு தடுமாறினால் கையும் தடுமாறும் என்று பொருள். நாக்கைச் சரிசெய்யாமல் குச்சியை எடுப்பதில் பயனில்லை.

இப்போது டிரம்ஸ் முன்னால் உட்காரலாம். கீழே தருவது எந்தப் பாடலிலிருந்தும் எடுத்ததன்று. வகுப்பில் நான் தரும் எளிய அடி. வலது கை ஹைஹேட்டில், நான்கு எண்ணிக்கையிலும் 'த' என்ற இடத்திலும் 'தி' என்ற இடத்திலும் ஒரே சீராகத் தட்டுகிறது. வலது கால் பேஸ் டிரம்மில் முதல் எண்ணிக்கையின் 'த', அதன் 'தி', பிறகு மூன்றாம் எண்ணிக்கையின் 'தி' ஆகிய மூன்று இடங்களில் மட்டும் மிதிக்கிறது. இடது கை ஸ்நேர் டிரம்மில் இரண்டாம் எண்ணிக்கையின் 'த'விலும் நான்காம் எண்ணிக்கையின் 'த'விலும் பலமாக அடிக்கிறது. இவ்வளவையும் ஒரு வாரம் வாசியுங்கள். சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள்.

ஒரு வாரம் கழிந்தபின் மெல்லடி இரண்டு. இரண்டாம் எண்ணிக்கையின் 'மி'யிலும் மூன்றாம் எண்ணிக்கையின் 'க'விலும் இடது கைக் குச்சி ஸ்நேரை இலேசாகத் தொட்டுவிட்டு வர வேண்டும். இதை மேனாட்டார் 'கோஸ்ட் நோட்', அதாவது பேய் அடி, என்கிறார்கள். (எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னதும் பாடம் ஐந்து நிமிடம் நின்றுபோயிற்று.) கேட்டும் கேளாமலும் இருப்பதால் அப்பெயர். ஸ்டபிள்ஃபீல்ட் வாசிப்பின் இரகசியமே இந்த மெல்லடிகள்தாம். பலத்த அடிக்குக் குச்சி ஒரு சாண் உயரத்திலிருந்து இறங்கினால், மெல்லடிக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் எழக் கூடாது. கோபமாக அடிக்க எவராலும் முடியும். பலத்த அடி அடித்த அதே கை, அடுத்த கணமே பூவைத் தொடுவதுபோல இறங்குவதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

டிரம்ஸ் இல்லாத டிராக் உங்களைச் சோதிப்பது இங்கேதான். பேஸ் கித்தார் ஓர் இடத்தில் மௌனமாகும். கித்தார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிற்கும். அந்தக் காலியிடத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அங்கேயெல்லாம் எதையாவது போட்டு நிரப்பச் சொல்லும். டிரம்ஸ் இல்லாததால் பாட்டே ஏழ்மையாக இருப்பதாகவும், அதை நாமே பணக்காரியாக்க வேண்டும் என்றும் தோன்றும். நிரப்பாதீர்கள். அந்த மௌனத்தையும் அவர்கள் வாசித்திருக்கிறார்கள். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை, எட்டாம் சுற்றின் கடைசி இரண்டு எண்ணிக்கையில் மட்டும் ஒரு சிறு உருட்டல் அனுமதி. அதன் முடிவில் 'ஒன்று' சரியாக விழாவிட்டால் அந்த அனுமதியும் ஒரு வாரத்துக்கு இரத்து. என் மாணவியர் இந்த விதியை வெறுக்கிறார்கள் என்று அறிவேன்.

ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் உங்கள் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நாம் வாசிக்க நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் கேட்டால் வாசித்தது விழும்.

பெற்றோருக்கும் சில சொற்கள். வீட்டில் டிரம் செட் வேண்டுமே, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று கவலைப்பட வேண்டாம். மேற்சொன்ன பயிற்சி முழுவதையும் இரண்டு குச்சியும், ஒரு ரப்பர் பலகையும், ஒரு நாற்காலியும் கொண்டு செய்யலாம். ரப்பர் பலகை இல்லையென்றால் துண்டு சுற்றிய பழைய பாடநூல் ஸ்நேர், தலையணை ஹைஹேட், தரையே பேஸ் டிரம். ஆனால் காதணிக் கருவியின் ஒலியளவைக் கவனியுங்கள். டிராக்கைச் சத்தமாக வைத்தால் நன்றாக வாசிப்பதுபோல ஒரு மயக்கம் வரும். 80 டெசிபல் ஒலியைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உண்மையான டிரம் செட்டை ஓங்கி அடித்தால் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். ஆகவே பள்ளியில் டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளைக்குக் காதுப் பஞ்சு ஆடம்பரமன்று.

பெண் பிள்ளைக்கு எதற்கு டிரம்ஸ் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். பாட்டும் வீணையும் போதாதா என்று ஒரு தந்தை என்னிடம் மிகப் பணிவாகவே கேட்டார். வயோலா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் 1942-இல் 'டௌன்பீட்' இதழில், வாத்தியக் குழுக்களில் பெண்களுக்கும் இடம் கொடுங்கள் என்று கட்டுரை எழுதினார். அவரும் டிரம்ஸ் வாசித்தவரே. 2020-இல் 107 வயதில் காலமானார். அந்தத் தந்தையிடம் இதைச் சொன்னேன். 107 என்ற எண்தான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் பழகியபின் ஒரு பரிசோதனை. இதற்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருக்கு இசை தெரிய வேண்டியதில்லை; ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தால் போதும். நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை ஓடும் டிராக்கைப் போடுங்கள். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, துணைக்கு இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒலியை அறவே குறைத்துவிட வேண்டும். பத்து விநாடி கழித்து மறுபடி கூட்ட வேண்டும். டிராக் நிற்கவில்லை, உங்களுக்குக் கேட்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வேகத்தில் நான்கு சுற்றுக்கு ஆகும் நேரம் 9.6 விநாடி. அந்த மௌனத்தில் உங்கள் வேகம் 100-இலிருந்து 104-ஆக ஏறியிருந்தால் நான்கு சுற்றையும் ஏறத்தாழ 9.2 விநாடியில் முடித்துவிடுவீர்கள். வித்தியாசம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் ஒலி திரும்பும்போது நீங்கள் பாட்டைவிட அரை எண்ணிக்கைக்கும் மேல் முன்னால் ஓடிப் போயிருப்பீர்கள். பேஸ் கித்தார் வேறெங்கோ நிற்கும். அன்று வானவர் கீதத்தில் நான் ஓடியது இப்படித்தான்.

முதல் முறை எவரும் தேறுவதில்லை. பெரும்பாலோர் முந்துவார்கள், சிலர் பயத்தில் பிந்துவார்கள். முந்துகிறவர் இன்னும் மெதுவான டிராக்குக்குத் திரும்பி, வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். வேகமாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதில்தான் கை அதிகம் ஓடும் என்பது நானும் பட்டுத் தெரிந்துகொண்டது. நான்கு சுற்று நின்றால் எட்டு. எட்டும் நின்றால் பதினாறு.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தப் பரிசோதனைக்குத் தன் பாட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். பாட்டிக்கு ஃபங்க் தெரியாது; ஜேம்ஸ் பிரௌனையும் தெரியாது. கையில் ஜெபமாலை, மடியில் கைப்பேசி. முதலில் பேத்தி சொன்னபடி ஒலியைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தார். மூன்றாவது வாரம் ஒருநாள் ஒலியைக் கூட்டிய கையோடு, "இந்தத் தடவையும் முந்திட்ட, ஆனா போன தடவை அளவுக்கு இல்ல" என்றாராம்.